கரிச்சி பார்த்த வைத்தியம்

குளத்தங்கரை வீட்டுக் கொல்லையில் ஏழு கோழிகள் இருந்தன. எல்லாவற்றிலும் மூத்தது கரிச்சி. உடம்பு கறுப்பு, கால் கறுப்பு, மூக்கும் கறுப்பு. எல்லாவற்றிலும் சின்னது கடுகு. இன்னும் ஒரு முட்டைகூட இட்டதில்லை. கரிச்சியைக் கண்டால் "அக்கா, அக்கா" என்று பின்னாலேயே சுற்றும்.

ஒரு திங்கட்கிழமை, வெயில் ஏறுகிற நேரம். கரிச்சி எருக்குழியைக் கிளறிக்கொண்டிருந்தது. அதன் குஞ்சுகள் பக்கத்தில் பொறுக்கிக்கொண்டிருந்தன. ஒரு குஞ்சு மட்டும் புழுவைத் துரத்திக்கொண்டு குளத்துப் பக்கம் போய்விட்டது.

"அக்கா! மேலே பாரு! பருந்து!" என்று கத்தியது கடுகு.

கரிச்சி தலையைத் தூக்குவதற்குள் நிழல் இறங்கிவிட்டது. ஐயோ, குஞ்சு! கரிச்சிக்குக் கால் நகரவே இல்லை. ஆனால் கடுகு ஓடியது. ஓடிப்போய்க் குஞ்சின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டது. பருந்தின் நகம் குஞ்சுக்குப் பதிலாகக் கடுகின் முதுகில் இறங்கியது.

பருந்து ஓர் ஆள் உயரத்துக்குத் தூக்கியும் விட்டது. கடுகு இறக்கையை அடித்த அடியில் பிடி நழுவியது. தொப்பென்று துணி துவைக்கிற கல்லின் மேல் வந்து விழுந்தது கடுகு.

எப்போதும் கூவிக்கொண்டே இருக்கிற சேவல்கூடக் கூண்டுக்குள் ஓடி ஒளிந்துகொண்டது.

வீட்டுக்காரி பவுனம்மாள் துடைப்பத்தோடு ஓடி வந்தாள். பருந்தை விரட்டினாள். கடுகைக் கையில் எடுத்துப் பார்த்தவள், "அடப்பாவமே! முதுகே பிளந்து போச்சே!" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு வெந்நீரில் துணி நனைத்துப் புண்ணைத் துடைத்தாள். மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்துக் கெட்டியாக அப்பினாள். கொல்லையின் மூலையில் சாக்கை விரித்தாள். அதன்மேல் கடுகைக் கிடத்திப் பஞ்சாரத்தைக் கவிழ்த்தாள். மூங்கிலில் பின்னிய பெரிய கூடைதான் பஞ்சாரம். உள்ளே ஒரு கொட்டாங்கச்சியில் தண்ணீர், இன்னொன்றில் கேழ்வரகுக் கூழ். மேலே ஒரு கல்.

"வர்ற ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை விருந்துக்கு வர்றாரு. அதுக்குள்ள நீ எந்திரிச்சு நடந்துட்டேன்னா பொழச்சே. கெடந்து சீரழியறதா இருந்தா உனக்கும் கஷ்டம், எனக்கும் பாக்க முடியாது. சட்டிதான், சொல்லிட்டேன்!" என்றாள் பவுனம்மாள்.

கரிச்சிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"சட்டியா? என் குஞ்சைக் காப்பாத்தினவளுக்குச் சட்டியா? நான் உயிரோட இருக்கிற வரைக்கும் நடக்காது! இவளை நானே பாத்துக்கறேன்!" என்று ஊர் கேட்கக் கொக்கரித்தது.

சொன்னபடியே செய்தது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. காலையில் கூண்டைத் திறந்துவிட்டதும் மற்றக் கோழிகள் குப்பைக்கு ஓடும். கரிச்சி பஞ்சாரத்துக்கு ஓடும். கடுகு அசையாமல் கண்ணை மூடிக் கிடக்கும்.

"கடுகு, எந்திரிம்மா. ரெண்டு வாய் கூழு குடி."

"வேண்டாம் அக்கா."

"வேண்டாம்னா ஆச்சா? குடி! குடிச்சாத்தான் சீக்கிரம் தேறுவே."

கடுகு குடித்து முடிக்கும். பஞ்சாரத்தின் இடுக்கு வழியாகக் கரிச்சி தலையை உள்ளே விட்டு, கடுகின் இறகைக் கோதிவிடும். கழுத்து, இறக்கை, முதுகு என்று ஒட்டிக் கிடக்கிற அழுக்கையெல்லாம் ஒன்றுவிடாமல் எடுக்கும். சுத்தமாக இருந்தால்தானே உடம்பு தேறும்! அதன்பிறகு விறுவிறுவென்று கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றி வரும். பூனை வருகிறதா, கீரி வருகிறதா என்று காவல் பார்க்கும். சாயங்காலம் கூண்டடைவதற்கு முன்னால் இன்னொரு தடவை வந்து இதே போல எல்லாம் செய்துவிட்டுப் போகும்.

புதன்கிழமை காவல் சுற்றிவிட்டு வந்து பஞ்சாரத்துக்குள் பார்த்த கரிச்சி அலறிவிட்டது.

"ரத்தம்! ஐயோ, ரத்தம்!"

காய்ந்திருந்த புண் திறந்து கிடந்தது. சாக்கில் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு.

"யாரு வந்தா? உன்னை யாரு என்ன பண்ணினா?"

கடுகு மெல்லக் கண்ணைத் திறந்தது. "யாரும் வரலை அக்கா" என்றது.

வியாழக்கிழமையும் அதே கதை. வெள்ளிக்கிழமை அதைவிட மோசம். பவுனம்மாள் காலையில் மஞ்சள் போடுவாள். மத்தியானம் வந்து பார்த்தால் புண் பச்சையாக இருக்கும். "என்ன இது, எந்த மருந்தும் கேக்கமாட்டேங்குது! ரெண்டு நாள் பாக்கலாம். இதே மாதிரி ரத்தம் வந்தா மாப்பிள்ளை வர்ற வரைக்கும்கூடக் காக்க வேண்டாம். உசிரு வலியில துடிக்கிறதைப் பாத்துக்கிட்டா இருக்கிறது?" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.

ரெண்டு நாள்!

'இது பூனை வேலைதான்!' என்று கரிச்சி முடிவு கட்டியது. நேரே விறகு அடுக்குக்குப் போனது. அங்கே வெயில் காய்ந்துகொண்டிருந்தது பக்கத்து வீட்டுப் பூனை.

"திருட்டுப் பூனையே! கெடையில கெடக்கிற பிள்ளையைப் போய்ப் பிறாண்டறியே, உனக்கு வெக்கமா இல்லே?"

பூனை ஒரு கண்ணை மட்டும் திறந்தது.

"நானா? முதுகுல கொஞ்சூண்டு நோண்டிட்டு மிச்சத்தை வச்சிட்டுப் போற ஆளா நான்? வந்தேன்னா முழுசாத் தூக்கிட்டுல்ல போயிருப்பேன்! என்னைப் பத்தி இவ்வளவு கேவலமாவா நெனச்சே?"

பூனை சொன்னதில் நியாயம் இருந்தது. அது கரிச்சிக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. பூனை இல்லையென்றால், தெரியாத ஏதோ ஒன்று இந்தக் கொல்லைக்குள் நடமாடுகிறது!

பஞ்சாரத்திலிருந்து நாலு அடி தள்ளி, முருங்கை மரத்தில் ஓர் ஆடு கட்டியிருந்தது. பெயர் செம்பி. நாள் முழுக்க அங்கேயே நின்று எதையாவது அசைபோட்டுக்கொண்டிருக்கும். பேச்சு கம்மி. கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். கரிச்சி அதனிடம் போனது.

"செம்பி! நீ இங்கேயேதான நிக்கிறே? கீரி வந்துச்சா?"

"வரலை."

"காக்கா வந்துச்சா?"

"வரலை."

"பெருச்சாளி?"

"வரலை."

"உனக்குக் கண்ணு தெரியுதா இல்லையா! நீயும் உன் காவலும்! தினம் யாரோ வந்து அவ முதுகைக் கிழிச்சுட்டுப் போறாங்க. நீ தழையைத் தின்னுக்கிட்டு நிக்கிறே!" என்று இரைந்துவிட்டுப் போனது கரிச்சி.

சனிக்கிழமை காலை. கரிச்சி வழக்கம்போலக் கூழ் குடிக்க வைத்தது, கோதிவிட்டது, காவல் சுற்றப் போனது. திரும்பி வந்தால் கடுகு கொட்டாங்கச்சித் தண்ணீரில் தலை சாய்ந்து கிடந்தது. முதுகு முழுக்க ரத்தம். கூப்பிட்டால் பதில் இல்லை.

"போச்சு! நாளையோட முடிஞ்சுது!" என்று கரிச்சி மண்ணில் விழுந்து புரண்டது. "எவன் அவன்? என் கண்ணுல மட்டும் பட்டான்னா கண்ணைக் கொத்திடுவேன்!"

"அப்படியெல்லாம் சொல்லாதே" என்றது செம்பி. "உன் கண்ணை நீயே கொத்திக்க முடியாது."

"என்ன சொல்றே?"

"தினம் ரெண்டு வேளை வந்து அவ முதுகைக் கொத்தறது நீதான்."

கரிச்சிக்கு முதலில் அந்தச் சொல் காதில் ஏறவே இல்லை. ஏறினதும் இறகெல்லாம் சிலிர்த்துக்கொண்டு ஆட்டின் மேல் பாய்ந்தது.

"நானா? என் பிள்ளைக்காக முதுகைக் குடுத்தவளை நான் கொத்துவேனா? நாக்கு அழுகிடும்! அஞ்சு நாளா நான் சரியாத் தின்னிருப்பேனா? நானா!"

"நீ பூனை வந்துச்சா, கீரி வந்துச்சான்னு கேட்டே. வரலை, வரலைன்னு சொன்னேன். 'நான் கொத்தினேனா'ன்னு நீ கேக்கவே இல்லையே!"

"பொய்!"

"நான் சொன்னா நம்ப மாட்டே. குளத்துல போய் உன் மூக்கைப் பாரு."

கரிச்சி குளத்துக்கு ஓடியது. படியில் நின்று குனிந்து பார்த்தது. தண்ணீரில் ஒரு கறுப்புக் கோழி தெரிந்தது. அதன் கறுப்பு மூக்கில் பாதி வரைக்கும் மஞ்சள் அப்பியிருந்தது. பவுனம்மாள் காலையில் கடுகின் புண்ணில் போட்ட மஞ்சள். மூக்கின் நுனியில் சிவப்பு.

கரிச்சி காலால் தண்ணீரைக் கலக்கிவிட்டது. தண்ணீர் தெளிகிற வரை மூச்சு விடாமல் நின்றது. மறுபடி பார்த்தது. அதே மூக்குதான்.

எவ்வளவு நேரம் அங்கே நின்றதென்று அதற்கே தெரியாது. கடைசியில் செம்பியிடம் திரும்பி வந்தது.

"நான் அழுக்கைத்தானே எடுத்தேன்? ஒட்டிக்கிட்டிருந்ததை..."

"அது அழுக்கு இல்லே. புண்ணு ஆறறதுக்கு மேல கட்டற பொருக்கு. ஒட்டிக்கிட்டு இருக்கிறதை எல்லாம் பிடுங்கணும்கறது கோழி ஜென்மத்தோட பழக்கம். பிடுங்கின எடத்துல சிவப்புத் தெரிஞ்சா, அப்புறம் உங்க மூக்கு உங்க பேச்சையே கேக்காது. ரெண்டு கொத்து சேர்த்துக் கொத்திட்டு நீ காவலுக்குப் போயிடுவே. நீ போனதுக்கு அப்புறம் ரத்தம் சொட்டும். திரும்பி வந்து நீயே ஐயோன்னு கத்துவே."

"இத்தனை நாளும் பாத்துக்கிட்டு சும்மா நின்னியே!"

"நின்னேன். தப்புதான்" என்றது செம்பி. "நீ காட்டின பாசத்தைப் பாத்து எனக்கே குழப்பமாயிடுச்சு. ஒருவேளை கோழி வைத்தியமே இப்படித்தானோன்னு நெனச்சேன்."

பிறகு இன்னொன்றும் சொன்னது.

"பவுனம்மா பஞ்சாரத்தைக் கவுத்தாளே, பூனைக்குப் பயந்தா? பூனை நெனச்சா அதைச் சாச்சுடாதா? உங்க ஆறு பேருக்குப் பயந்துதான் கவுத்தா."

கரிச்சி பஞ்சாரத்தைப் பார்த்தது. அத்தனை நாளும் அதை ஒரு இடைஞ்சலாகத்தான் நினைத்திருந்தது. இடுக்கில் தலையை விடுவதற்கே எவ்வளவு பாடுபட்டது! இப்போது அந்த இடுக்கைப் பார்த்து இரண்டு அடி பின்னால் நகர்ந்தது.

"இனி நான் என்ன பண்ணணும் செம்பி?"

"ஒண்ணும் பண்ணாதே. உனக்கு அதுதான் கஷ்டம்."

அன்றைக்குப் பவுனம்மாள் வந்து ரத்தத்தைத் துடைத்து, திரும்பவும் மஞ்சள் அப்பினாள். "நாளைக்குக் காலையில பாப்போம்" என்றாள். சாயங்காலம் கரிச்சி பஞ்சாரத்துப் பக்கமே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலும் போகவில்லை. பவுனம்மாள் குனிந்து பார்த்தாள். புண் காய்ந்திருந்தது! "சரி, இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கரிச்சிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் புது ஆபத்து ஒன்று வந்தது. கரிச்சி விலகிக்கொண்டதைப் பார்த்ததும் மற்றக் கோழிகள் ஒன்றுகூடின.

"பாவம், தனியாக் கெடக்கா. நாம போய்க் கோதிவிடலாம், வாங்க!"

கரிச்சி ஓடிப்போய்க் குறுக்கே நின்றது. "ஒருத்தியும் கிட்ட வரக் கூடாது!"

"ஏண்டி?"

"நம்ம மூக்கு ஆகாது. புண்ணைக் கெளறிடும்."

"எங்க மூக்கா? என்ன பேச்சு பேசறே! நாங்க என்ன பேயா, பிசாசா?"

தன்னைப்போலவே அவையும் நம்பவில்லை. நம்ப வைக்கக் கரிச்சிக்கும் நேரம் இல்லை. விரட்டி விரட்டி அடித்தது.

அதன்பிறகு கரிச்சி ஒரு வழி கண்டுபிடித்தது. பஞ்சாரத்துக்கு முன்னால் நாலு அடி தள்ளி, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. திரும்பிப் பார்த்தால் சிவப்புத் தெரியும். சிவப்புத் தெரிந்தால் தன் மூக்கைத் தானே நம்ப முடியாது. அதனால் திரும்பவே இல்லை. வருகிற கோழியை மட்டும் விரட்டியது.

அடடா, அந்த ஏழு நாளும் அது வாங்கின பேச்சு இருக்கிறதே! "குஞ்சைக் காப்பாத்தினவளைத் திரும்பிக்கூடப் பாக்கமாட்டேங்கறா! நன்றி கெட்டவ!" என்று குப்பைமேட்டில் நாள் முழுக்க அதே பேச்சு. அதையெல்லாம்கூடக் கரிச்சி பொறுத்துக்கொண்டது. பொறுக்க முடியாதது வேறு. முதுகுக்குப் பின்னால் கடுகு தினமும் கூப்பிட்டது.

"அக்கா... அக்கா! ஏன் என்கிட்டே வரமாட்டேங்கறே?"

கரிச்சி திரும்பவில்லை.

விருந்து நாள் வந்துவிட்டது. வாசலில் மாப்பிள்ளையின் வண்டிச் சத்தம் கேட்டது. அம்மியில் மசாலா அரைபட்டது. பவுனம்மாள் கொல்லைக்கு வந்தாள். ஒரு கையில் அரிவாள்மணை இருந்தது. அதைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டுப் பஞ்சாரத்தைத் தூக்கினாள்.

கரிச்சி ஏழு நாளைக்குப் பிறகு முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தது.

கடுகு எழுந்தது. ஓர் அடி வைத்தது. கால் மடங்கி விழுந்தது. பவுனம்மாள் உச்சுக் கொட்டிக்கொண்டு குனிந்து கையை நீட்டினாள்.

"எந்திரிடி! எந்திரி!" கரிச்சி போட்ட சத்தத்தில் பவுனம்மாளே ஒரு நிமிஷம் கையை எடுத்துக்கொண்டாள்.

கடுகு எழுந்தது. இறக்கையை உதறியது. நொண்டிக்கொண்டே நாலு அடி நடந்து, பிறகு ஓட்டமாக ஓடி, கரிச்சியின் மேலேயே வந்து மோதியது. முதுகில் புண் இல்லை. வெளிர்ச் சிவப்புத் தோலும், அதில் முள் முளைத்த மாதிரி புது இறகும் இருந்தன.

"அட என் தங்கமே! பொழச்சுக்கிட்டியா!" என்று பவுனம்மாள் சிரித்துவிட்டாள். "மாப்பிள்ளைக்கு முட்டைக் குழம்பு போதும்!" அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு வெங்காயம் அரிய உள்ளே போனாள்.

கரிச்சி மூக்கைத் தரையில் பதித்துக்கொண்டு, கடுகின் முகத்தைப் பார்க்காமலே பேசியது.

"கடுகு, ஒண்ணு சொல்லணும். சொன்னா நீ என்கூடப் பேசவே மாட்டே. உன் புண்ணைத் தினம் கெளறினது பூனையும் இல்லே, கீரியும் இல்லே. நான்தான். எனக்கே தெரியாமப் பண்ணிட்டேன்."

"தெரியும் அக்கா" என்றது கடுகு.

கரிச்சி திடுக்கிட்டு நிமிர்ந்தது. குளத்துத் தண்ணீரில் தன் மூக்கைப் பார்த்தபோதுகூட இப்படி அதிர்ந்ததில்லை.

"தெரியுமா? உனக்கா?"

"என் முதுகாச்சே அக்கா. கொத்தினது யாருன்னு எனக்குத் தெரியாதா?"

"அடிப்பாவி! யாரு வந்தான்னு தினம் கேட்டேனே! யாரும் வரலைன்னு சொன்னியே!"

"உன்னைத் தவிர யாரும் வரலையே அக்கா. அதைத்தான் சொன்னேன்."

"வலிக்குது, நிறுத்துன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! செத்துப் போயிருப்பியேடி!"

கடுகு தலையைக் குனிந்துகொண்டது.

"உயிர் போற மாதிரி வலிச்சுது. ஆனா நீ பட்டினி கெடந்து, யாரும் வராதப்ப வந்து, அவ்வளவு ஆசையாப் பண்றே. வலிக்குதுன்னு சொன்னா உன் மனசு கஷ்டப்படும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

"கோழிக்கு ஏதுடி பல்லு!" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதது கரிச்சி.

ஆகவே, அன்போடு ஒருவரைக் கவனிக்கிறவர்கள் தங்கள் கை என்ன செய்கிறது என்பதைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். வலித்தால் படுத்துக் கிடப்பவர்களே சொல்லட்டும் என்று இருந்தால், அந்த அன்புக்காகவே அவர்கள் கடைசிவரை வாய் திறக்க மாட்டார்கள்.